மாங்காயும் சொடக்கும்

நுழையும்முன்

ஒரே தொழிலில் அல்லது ஒரே விளையாட்டில் நாள்தோறும் கூடுவோர் தமக்குள் வழங்குவதற்கெனச் சில சொற்களை ஆக்கிக்கொள்கின்றனர். மட்டைப்பந்து ஆடும் இளையோர் அத்தகையதொரு குழுவினர். சென்னையின் வடபகுதித் தெருக்களில் அவர்கள் வழங்கும் சொற்கள் பிறந்த வகையையும் அவற்றுக்கு உரிய மதிப்பையும் ஆராய்கிறது இக்கட்டுரை.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் இருப்புப்பாதையில் அத்திப்பட்டையும் நந்தியம்பாக்கத்தையும் கடந்தால் மீஞ்சூர். கிழக்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களை நோக்கிச் சரக்குப் பெட்டகங்களைச் சுமந்த லாரிகள் ஓய்வின்றிச் சென்றுகொண்டிருக்கும். இவற்றுக்கிடையே வீடு எழும்பாத மனைகளும் அகலம் குறைந்த தெருக்களும் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவ்விடங்களில் எழும் குரல்களைச் செவிமடுத்தால், "நமக்குத்தான் ஃபர்ஸ்ட் காஜி" என்பான் ஒருவன். "டேய், அவன் மாங்கா அடிக்கிறான், நோ பால் குடு" என்பான் மற்றொருவன். "செவுத்துல பட்டா ஒன் டி, உள்ள போனா அவுட்டு" என்று மூன்றாமவன் சட்டம் வகுப்பான். ஒரு சொல்லும் விளங்காமல் வெளியூரார் திகைக்க, ஆடுவோர் எவ்வித ஐயமுமின்றி ஆட்டத்தைத் தொடர்வர்.

இத்தகைய சொற்களுக்குத் தமிழிலக்கணம் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெயரையும் ஓர் இடத்தையும் அளித்துள்ளது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் குழூஉக்குறிக்கு உரையாசிரியர் காட்டும் சான்றுகள். கள்ளுண்டவன் மறைக்க வேண்டியதையும் உளறிவிடுவான் என்னும் பட்டறிவிலிருந்து 'சொல்விளம்பி' பிறந்தது. காட்டில் வாழ்ந்த வேடரின் நகைச்சுவை இலக்கண நூலின் உரைக்குள் இடம்பெற்று இன்றுவரை மாணவர்க்குக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் மீஞ்சூர் மாணவன் 'மாங்கா' என்னும் சொல்லைத் தன் கட்டுரை ஏட்டில் எழுதினால் சிவப்பு மையால் அடிக்கப்படும். வேடர்க்குக் கிடைத்த மதிப்பு இவனுக்குக் கிடைக்காமல் போவதற்கு இலக்கணத்தில் காரணம் ஏதும் இல்லை.

கண்ணால் கண்டு இட்ட பெயர்கள்

'மாங்கா' என்னும் சொல்லையே முதலில் நோக்கலாம். மட்டைப்பந்தில் வீச்சாளர் கையை முழங்கையில் மடித்துப் பின் நீட்டி எறிதல் கூடாது. சுழற்றியே வீச வேண்டும். விதியை மீறி எறிபவனை 'மாங்கா அடிக்கிறான்' என்று தெருவில் குறிப்பிடுவர். மரத்தில் தொங்கும் மாங்காயைக் கல்லால் அடிப்பவன் கையை எவ்வாறு அசைக்கிறான் என்பதை எண்ணிப் பார்த்தால் இப்பெயரின் நுட்பம் புலப்படும். முழங்கை மடங்கும்; பின்பு விசையுடன் நீளும். பன்னாட்டு மட்டைப்பந்துக் குழு ஆய்வுக்கூடங்களில் ஒளிப்படக் கருவிகளை நிறுவி அளப்பதும் இதே அசைவைத்தான். வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்பது 2005ஆம் ஆண்டு முதல் அக்குழு பின்பற்றும் வரையறை. கருவியும் அளவும் இல்லாத சிறுவர்கள், தவற்றின் இயல்பை ஒரே சொல்லில் வரையறுத்துவிட்டனர்.

இதே செயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'சக்கர்' வசையாகவே வழங்குகிறது. இலங்கையின் கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரன் அதன் கொடுமையை நன்கறிந்தவர். 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் மெல்போர்னில் நடுவர் டேரல் ஹேர் அவரது வீச்சை ஏழு முறை முறையற்றது என அறிவித்தார். பிறவியிலேயே முழுதும் நிமிராத முழங்கை அவருடையது. ஆய்வுகள் அவர் பக்கம் நின்ற பின்னரும், 800 டெஸ்ட் விக்கெட்டுகளை அவர் வீழ்த்திய பின்னரும் அச்சொல் அவரை விட்டு அகலவில்லை. தெருவின் 'மாங்கா' அத்தகைய வடுவை விட்டுச் செல்வதில்லை. இன்று மாங்கா அடித்தவன் நாளை மட்டை பிடிப்பான். நேற்று அவனைப் பழித்தவனே இன்று மாங்கா அடிப்பான். ஒருவனைச் சுட்டாமல் ஒரு வீச்சைச் சுட்டுவதாகவே அச்சொல் நின்றுவிடுகிறது.

மட்டையைக் காட்டிப் பந்தைத் தடுத்து நிறுத்துவதற்கு 'டொக்கு' என்று பெயர். அது தடுக்கப்பட்ட பந்து எழுப்பும் ஓசை. சலசல, கலகல என ஒலிக்குறிப்புகளால் வளம் பெற்ற ஒரு மொழியின் பிள்ளைகள், பந்தின் ஓசையைக் கேட்ட அளவில் அதனைப் பெயராக்கிவிட்டதில் வியப்பில்லை. ஓட்டம் எடுக்காமல் நெடுநேரம் தடுத்துக்கொண்டிருப்பது 'கட்டை போடுதல்'. இது நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களிலும் புகுந்துவிட்டது. தடுத்தல் என்னும் பொருளில் 'முட்டுக்கட்டை போடுதல்' என்னும் வழக்கு தமிழில் முன்பே இருந்ததனால் இச்சொல் எளிதில் வேரூன்றியது.

ஓட்டமெடுக்காமல் ஆட்டமிழந்தவன் 'முட்டை' போட்டவன். ஆங்கிலத்தில் இதற்கு 'டக்' என்று பெயர். சுழியத்தின் வடிவம் வாத்து முட்டையை ஒத்திருப்பதனால் முதலில் 'வாத்து முட்டை' என்று வழங்கிய தொடர், பின்னர் 'வாத்து' எனச் சுருங்கியது. ஆங்கிலேயர் முட்டையைக் கைவிட்டு வாத்தை வைத்துக்கொண்டனர். தமிழ் மாணவரோ வாத்தைப் பொருட்படுத்தாமல் முட்டையை மட்டும் வைத்துக்கொண்டனர். தேர்வில் சுழியம் பெற்றவனுக்கும் அதே முட்டைதான். உவமையாகுபெயருக்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

வலக்கையும் இடக்கையும் 'சோத்தாங்கை', 'பீச்சாங்கை' எனப்படுவது தமிழகமெங்கும் உள்ள வழக்கு. சோறு உண்ணும் கை 'சோற்றாங்கை' ஆகி, மருவிச் 'சோத்தாங்கை' ஆயிற்று. மற்றொரு கையின் பெயர் அக்கை செய்யும் துப்புரவுப் பணியால் வந்தது. அவையில் சொல்லத் தயங்குவர். இடக்கை ஆட்டக்காரன் பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பும்போதும் தெருவில் அவன் 'பீச்சாங்கை பேட்ஸ்மேன்'தான். அவன் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த பந்துக்கு ஆயத்தமாவான்.

இடம் தந்த சொற்கள்

தெருவாட்டச் சொற்களில் ஒரு பகுதி, ஆடும் இடத்தின் குறையிலிருந்து பிறந்தது. சேப்பாக்கம் திடலில் எல்லைக்கோடு உண்டு. தெருவில் மதிற்சுவர், சாக்கடை, நிறுத்தி வைக்கப்பட்ட லாரி, மாடு ஆகியவையே உண்டு. பந்து சுவரில் பட்டால் மட்டையாளன் ஓட வேண்டியதில்லை. ஓர் ஓட்டம் எனக் கணக்கிடப்படும். அதுவே 'ஒன் டி'. சற்றுத் தொலைவு சென்றால் 'டூ டி'. அறிவிக்கப்பட்டது எனப் பொருள்படும் 'டிக்ளேர்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தே இந்த 'டி'. ஆங்கிலம் பயின்றோர் இதனைச் சிதைவு என்பர். ஆயினும் மேற்கிந்தியத் தீக்குச்சி நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகள் 'விம்கோ' ஆகி, திருவொற்றியூரை அடுத்த தொடர்வண்டி நிலையமே 'விம்கோ நகர்' எனப் பெயர் பெற்ற பகுதி இது. நீண்ட ஆங்கிலத் தொடரை ஓர் அசைக்குள் அடக்கிப் பயன்படுத்துவது இங்குள்ளோர்க்குப் பழகிய கலை.

தடுப்பாளர் பதினொருவர் இல்லாத ஆட்டத்தில் மட்டையாளனை வெளியேற்றுவது கடினம். அதனால் ஒருமுறை தரையில் பட்டு எழுந்த பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் ஆட்டமிழப்பு என்னும் விதி உண்டாயிற்று. அதன் பெயர் 'ஒன் பிட்ச் கேட்ச்'. ஆள் ஒற்றைப்படையாக அமைந்துவிட்டால் எஞ்சிய ஒருவன் இரு அணிக்கும் ஆடுவான். அவன் 'ஜோக்கர்'. சீட்டாட்டத்தில் எந்தச் சீட்டின் இடத்தையும் நிரப்பவல்லது ஜோக்கர் என்பதால் வந்த பெயர் இது. சில தெருக்களில் அவனையே 'காமன்' என்பர். பந்தை நேரே வீச இயலாமல் தொடர்ந்து அகலப்பந்துகளை வீசுபவனை ஆறு பந்து முடியுமுன்பே நிறுத்திவிடுவர். அந்தக் குறை ஓவருக்குப் 'பேபி ஓவர்' என்று பெயர். வளராத ஓவர், ஆதலால் குழந்தை.

இறுதியில் எஞ்சும் ஒருவன் துணையின்றித் தனியே ஆடுவது 'லாஸ்ட் மேன் காஜி'. 'காஜி' என்றால் மட்டை பிடிக்கும் முறை. சென்னைச் சிறுவர் அனைவரும் அறிந்த சொல் இது. சென்னையைத் தாண்டினால் பலர்க்கும் விளங்காது. இத்தகைய சொல்லுக்கு உடனே ஒரு வேரைக் கற்பித்துவிடத் துடிப்போர் உண்டு. ஓசையொத்த வேற்றுமொழிச் சொல் ஒன்றைக் கண்டவுடன் அதுவே மூலம் என முடிவு கட்டிவிடுவர். சொல்லாய்வில் இது ஆகாத பழக்கம். எங்கெங்கே வழங்குகிறது, எந்தத் தலைமுறையிலிருந்து வழங்குகிறது, வேறு பொருள் உண்டா என்பனவற்றைப் பதிவு செய்வதே முதற்பணி. வேர் காண்பது அதன் பின்னரே.

கதையும் உண்மையும்

அழகிய கதை எவ்வாறு உண்மையை மறைத்துவிடும் என்பதற்கு ஆங்கில மட்டைப்பந்துச் சொல் ஒன்றே சான்று. இடக்கை வீச்சாளர் மணிக்கட்டால் சுழற்றி வீசும் பந்துக்குச் 'சைனாமேன்' என்று பெயர். 1933ஆம் ஆண்டு ஓல்டு டிராஃபோர்டு டெஸ்டில், சீன மரபில் வந்த மேற்கிந்தியத் தீவுகள் வீச்சாளர் எல்லிஸ் அச்சாங், இங்கிலாந்தின் வால்டர் ராபின்ஸை ஆட்டமிழக்கச் செய்தார். சினமுற்ற ராபின்ஸ் ஒரு சீனனிடம் ஆட்டமிழந்தேனே என இழிவாகக் கூறியதிலிருந்தே அச்சொல் பிறந்தது என நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஆனால் அச்சொல் 1920களின் ஆங்கில நாளிதழிலேயே காணப்படுகிறது. கதைக்கு முன்பே சொல் இருந்தது. பிறப்பு எவ்வாறாயினும் ஓர் இனத்தாரின் பெயரைப் பந்துக்குச் சூட்டுவது முறையன்று எனக் கருதிய விஸ்டன் ஆண்டு மலர், 2018ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அதனை நீக்கிவிட்டது.

சென்னைக்கு நெருக்கமான மற்றொரு சொல் 'மன்கட்'. பந்து வீசப்படுமுன் எதிர்முனை மட்டையாளர் கோட்டை விட்டு நகர்ந்தால் வீச்சாளர் அவரை ஆட்டமிழக்கச் செய்வதற்கு இப்பெயர் ஏற்பட்டது. 1947ஆம் ஆண்டு டிசம்பரில் சிட்னி டெஸ்டில் வினு மன்கட், ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை அவ்வாறு வெளியேற்றினார். அதே பயணத்தின் முந்தைய ஆட்டமொன்றில் அவர் பிரவுனை எச்சரித்தும் இருந்தார். செயல் விதிக்கு உட்பட்டதே என எதிரணித் தலைவர் டான் பிராட்மனே தம் நூலில் எழுதினார். இருந்தும் ஏமாற்று வேலைக்கு மறுபெயராக மன்கட் பெயர் நிலைத்தது.

சென்னையைப் பொறுத்தவரை மன்கட் யார்? 1952ஆம் ஆண்டு பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை இன்னிங்ஸ் வெற்றியில் வீழ்த்தி, இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. அவ்வாட்டத்தில் முதல் இன்னிங்ஸில் 8, இரண்டாம் இன்னிங்ஸில் 4 என 12 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவரே. நாட்டுக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தவர் பெயரை அந்நாட்டுச் சிறுவர்களே பழிச்சொல்லாக வழங்க நேர்ந்தது. சுனில் கவாஸ்கர் போன்றோர் இதனைக் கண்டித்து வந்தனர். 2019ஆம் ஆண்டு ஜெய்ப்பூரில் அஸ்வின் ஜோஸ் பட்லரை இவ்வகையில் வெளியேற்றியபோது பழைய பூசல் மீண்டும் மூண்டது. இறுதியில் 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் அவ்விதி 'நேர்மையற்ற ஆட்டம்' என்னும் பகுதியிலிருந்து அகற்றப்பட்டு, 'ரன் அவுட்' என்னும் பகுதியில் வைக்கப்பட்டது. விதிநூல் திருந்திவிட்டது, பேச்சு வழக்கு இன்னும் திருந்தவில்லை. தெருவாட்டச் சொற்களைத் தாழ்ந்தவை என ஒதுக்குவோர், உயர்ந்தவை எனத் தாம் கருதும் சொற்களின் பிறப்பையும் இவ்வாறு ஒருமுறை விசாரித்தல் நலம்.

மேசையும் தெருவும்

'கூக்ளி' என்னும் சொல்லைக் கேட்டால் அது ஏதோ பெரும் பயிற்சிக்கூடத்தில் உருவான நுட்பம் போலத் தோன்றும். அப்பந்தைக் கண்டறிந்த பெர்னார்டு போசன்கே, மேசையின் ஒரு முனையிலிருந்து டென்னிஸ் பந்தை உருட்டி எதிரே இருப்பவர் பிடிக்காதவாறு திருப்பும் ஒரு வீட்டு விளையாட்டில்தான் அதனைக் கற்றார். 1900ஆம் ஆண்டு லார்ட்ஸ் திடலில் அவர் வீசிய கூக்ளி நான்கு முறை தரையில் குதித்துச் சென்று, 98 ஓட்டங்கள் எடுத்திருந்த மட்டையாளரை வெளியேற்றியது. பார்த்தோர் நகைத்தனர். இன்று கூக்ளி இல்லாத மட்டைப்பந்து நூல் இல்லை. ஒரே ஆட்டத்தில் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூவரை வீழ்த்துவது 'ஹாட்ரிக்'. 1858ஆம் ஆண்டு ஷெஃபீல்டு நகரில் அவ்வாறு வீழ்த்திய ஸ்டீபன்சனுக்குத் தொப்பி ஒன்று பரிசளிக்கப்பட்டதன் நினைவு அது. தொப்பியும் மேசையும் வாத்தும் ஆங்கிலேயரின் அன்றாட வாழ்விலிருந்து வந்தவை. மாங்காயும் முட்டையும் சோறும் தமிழரின் அன்றாட வாழ்விலிருந்து வந்தவை.

இந்த ஒப்புமையின் உச்சம் 'சொடக்கு'. நடுவிரலை மடித்துப் பந்தைச் சுண்டி வீசும் முறை சென்னையின் டென்னிஸ் பந்து ஆட்டங்களில் 'சொடக்கு பால்' என வழங்கியது. விரலைச் சொடுக்குதல் என்னும் வினையின் பேச்சு வடிவமே சொடக்கு. மேற்கு மாம்பலத்தில் வளர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வின் அதனைத் தெருவாட்டத்தில் கண்டு கற்றார். டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட்டுகள் வீழ்த்திய அவரது படைக்கலங்களுள் அது ஒன்று. உலகில் இவ்வகை வீச்சு புதியதன்று. 1950-51ஆம் ஆண்டுத் தொடரில் ஆஸ்திரேலியாவின் ஜேக் ஐவர்சன் மடித்த நடுவிரலால் பந்தைச் சுண்டி இங்கிலாந்தைத் திணறடித்தார். 2008ஆம் ஆண்டு ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் 13 ஓட்டங்களுக்கு 6 இந்திய விக்கெட்டுகளை வீழ்த்தினார். கேரம் பலகையில் காயைச் சுண்டுவது போன்ற அவரது விரலசைவால் 'கேரம் பால்' என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. சென்னையில் ஏற்கெனவே இருந்த 'சொடக்கு' அச்சில் ஏறாமல் நின்றுவிட்டது.

'தூஸ்ரா' என்னும் சொல்லுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. உருதுவில் 'மற்றொன்று' எனப் பொருள்படும் எளிய சொல் அது. பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக் வீசும் மாற்றுப் பந்தை விக்கெட் காப்பாளர் மொயின் கான் அப்பெயரால் கூவி அழைக்க, வருணனையாளர் அதனை எடுத்துக்கொள்ள, ஆங்கில அகராதிகளுக்குள்ளும் அச்சொல் புகுந்தது. லாகூரின் வழக்கு உலகச் சொல்லாயிற்று. மாம்பலத்தின் வழக்கு மாம்பலத்திலேயே தங்கிற்று. தகுதியில் இரண்டும் ஒன்றே. தன் சொல்லை ஒலிவாங்கிக்கு முன் கூசாமல் சொல்லும் துணிவு ஒருவர்க்கு இருந்தது. சென்னையாரோ ஒலிவாங்கியைக் கண்டதும் மொழியை மாற்றிக்கொண்டனர்.

அக்கூச்சம் எங்கிருந்து வந்தது என்பது யாவரும் அறிந்ததே. வடசென்னைப் பேச்சைத் திரைப்படங்கள் பெரும்பாலும் நகைச்சுவைக்கும் அடியாள் பாத்திரங்களுக்குமே ஒதுக்கி வைத்தன. மீஞ்சூரிலிருந்து நகரக் கல்லூரிக்குச் செல்லும் மாணவன் தன் ஊர்ச்சொல் ஒன்று வாயில் வந்துவிடாமல் காத்துக்கொள்வதில் பாதிக் கவனத்தைச் செலவிடுகிறான். துறைமுகமும் இருப்புப்பாதையும் ஆலைகளும் பல மொழியாரை ஒன்றுகூட்டிய பகுதி இது. தமிழும் தெலுங்கும் உருதுவும் ஆங்கிலமும் இங்கு ஒரே தெருவில் வாழ்கின்றன. அவ்வாழ்வின் பதிவுகளே இச்சொற்கள். பணம் கட்டி ஆடும் 'பெட் மேட்ச்' முடிந்ததும் "துட்டு எங்கடா?" என்று கேட்கிறானே, அந்தத் 'துட்டு' டச்சுக்காரரின் 'துயிட்' என்னும் சிறு காசிலிருந்து வந்தது என்பர் சொல்லாய்வாளர். டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டு கெல்டிரியா கோட்டையைக் கட்டிய பழவேற்காடு, மீஞ்சூருக்கு வடக்கே பொன்னேரியைக் கடந்தால் வந்துவிடும். தோற்றவன் சலித்துக்கொள்ளும் 'பேஜார்' உருதுவின் 'பேஜார்' தான். நானூறு ஆண்டு வணிக வரலாறு ஒரு காலை ஆட்டத்தின் பூசலுக்குள் அடங்கியுள்ளது.

செந்தமிழ்ச் சொற்களுக்கு நேரும் ஐயம்

இவ்விடத்தில் தமிழ்ப்பற்று மிக்கோர் ஒரு தடையை எழுப்புவர். 'ஒன் டி'யும் 'பேபி ஓவரும்' வகுப்பறைக்குள் வந்தால், அரும்பாடுபட்டு ஆக்கிய கலைச்சொற்கள் என்னாவது என்பர். தடை புறக்கணிக்கத்தக்கதன்று. இலங்கைத் தமிழர் துடுப்பாட்டம், இலக்கு, களத்தடுப்பு, பந்துப் பரிமாற்றம், நாணயச் சுழற்சி என்னும் சொற்களை வானொலியிலும் நாளிதழிலும் இடைவிடாது வழங்கி நிலைபெறச் செய்துள்ளனர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டு தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி 'வடக்கின் பெரும்போர்' என்றே அழைக்கப்படுகிறது. தமிழகத்தில் வானொலி வருணனையாளர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோர் நல்ல தமிழில் ஆட்டத்தைக் கண்முன் நிறுத்த முடியும் எனக் காட்டினர்.

ஆக்கிய சொற்களின் வலிமைக்கு அண்மைச் சான்றும் உண்டு. 'பேட்ஸ்மேன்' என்னும் சொல் ஆணை மட்டுமே குறிப்பதால், 2021ஆம் ஆண்டு விதிநூலில் அதனை நீக்கிப் 'பேட்டர்' என மாற்றினர். சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி 2013ஆம் ஆண்டு மகளிர் உலகக் கோப்பையில் சதம் அடித்தபோது, ஆங்கிலத்தில் எழுதியோர்க்கு இருந்த இடர்ப்பாடு, 'மட்டையாளர்' என்று எழுதியோர்க்கு இருக்கவில்லை. இருபாலார்க்கும் பொதுவான 'ஆளர்' என்னும் ஈறு அவ்வேலையை முன்பே செய்து முடித்திருந்தது.

ஆயினும் கலைச்சொல்லும் குழூஉக்குறியும் ஒன்றன் இடத்தை மற்றொன்று பறிப்பதில்லை. 'மட்டையாளர்' செய்திக்கும் தேர்வுக்கும் உரியது. 'காஜி' காலை ஆறு மணிக்கு யார் முதலில் ஆடுவது என்னும் வழக்கைத் தீர்ப்பதற்கு உரியது. "எனக்கே முதல் மட்டைவீச்சு முறை" என்று எந்தச் சிறுவனும் கூவப்போவதில்லை. இரண்டையும் அறிந்து, எங்கே எதை வழங்குவது என்று தெளிந்த மாணவனே மொழித்திறன் மிக்கவன். தெருச்சொற்கள் அனைத்தையும் அப்படியே போற்ற வேண்டும் என்பதும் இதன் கருத்தன்று. பிறர் சாதியையும் உடற்குறையையும் நிறத்தையும் சுட்டும் சொற்கள் தெருவாட்டத்திலும் உண்டு. 'சைனாமேன்' நீங்கியது போல அவையும் வழக்கிலிருந்து நீங்க வேண்டியவையே.

அகராதிக்கு வெளியே நிற்பவை

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. மீஞ்சூர்ச் சிறுவனின் ஆட்டச் சொற்கள் அதில் இடம்பெற்றிருக்க வாய்ப்பில்லை. பின்னர்க் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களையும் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களையும் அகராதிகளாகத் தொகுத்தனர். உழவரும் ஆயரும் வழங்கிய சொற்கள் அவ்வகராதிகளால் மதிப்புப் பெற்றன. சிற்றூர்ச் சொல்லைத் தூய்மையானது என்றும், தொழிற்பகுதிச் சொல்லைக் கலப்படம் என்றும் கருதும் மனப்போக்கு மட்டும் இன்னும் மாறவில்லை. கரிசல் உழவனுக்கு உள்ள உரிமை துறைமுகத் தொழிலாளியின் மகனுக்கும் உண்டு.

இப்பணியைத் தள்ளிப்போட இயலாது என்பதற்கு ஒரு காரணம் உள்ளது. இச்சொற்கள் இடத்தைப் பற்றி வாழ்பவை. எண்ணூரிலிருந்து மீஞ்சூர் வரை காலி மனைகள் ஒவ்வொன்றாகச் சரக்குப் பெட்டகக் கிடங்குகளாகவும் லாரி நிறுத்துமிடங்களாகவும் மாறி வருகின்றன. எஞ்சிய தெருக்களில் ஊர்திகள் பெருகிவிட்டன. சுவருக்கும் மட்டையாளனுக்கும் இடையே பந்து செல்ல வழியில்லாதபோது 'ஒன் டி'க்குப் பொருள் இல்லை. திறன்பேசித் திரையில் ஆடும் மட்டைப்பந்தில் மாங்கா அடிக்க இயலாது. அங்கே வீச்சாளன் ஒருபோதும் தவறு செய்வதில்லை.

தொகுக்க முனையும் மாணவர்க்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. சொல், அதன் பொருள், சொன்னவரின் அகவை, ஊர், ஆடியது டென்னிஸ் பந்திலா 'கார்க் பாலி'லா என்பவற்றை ஓர் ஏட்டில் எழுதினால் போதும். முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே தெருவில் ஆடிய அண்ணன்மார், மாமன்மார் இன்று ஆலைகளிலும் துறைமுகத்திலும் பணிபுரிகின்றனர். அவர்களையும் கேட்க வேண்டும். தந்தை வழங்கிய சொல்லும் மகன் வழங்கும் சொல்லும் எங்கே பிரிகின்றன என்பது அப்போது தெரியும். தமக்கையரை விட்டுவிடக் கூடாது. மாடியிலிருந்து ஆட்டத்தைப் பார்த்தும் வீட்டுக்குள் விழுந்த பந்தை எடுத்துத் தந்தும் சொற்கள் அனைத்தையும் அறிந்தவர்கள் அவர்கள். அவர்களுள் மட்டை பிடித்தவர்களும் உண்டு.

மீஞ்சூரில் புறப்படும் புறநகர் வண்டி அத்திப்பட்டு, எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை வழியாக நகருக்குள் செல்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி, அருகிலுள்ள தெருவில் ஆடும் சிறுவரிடம் இரு அணிக்கும் ஆடுபவனை என்னவென்று அழைப்பீர்கள் எனக் கேட்டு வந்தால், 'ஜோக்கர்' எந்த நிலையத்தில் 'காமன்' ஆகிறான் என்பதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வரைபடமாகக் குறித்துவிடலாம்.